சானடோரியத்திலிருந்து திருகாணி வரை

தாம்பரம் சானடோரியம் இன்று பலருக்கு வெறும் ரயில் நிலையம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக 12 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. 1937-இல் அரசு வாங்கிக்கொண்டது. காசம் நுரையீரலோடு நிற்காது, முதுகெலும்பையும் அரிக்கும். அந்நாளில் அதற்குப் பெரும்பாலும் மாவுக்கட்டும் மாதக்கணக்கான படுக்கையும்தான் கதி.

முதுகெலும்பை உள்ளிருந்தே தாங்கும் வழியாக, 1963-இல் பாரிஸில் ராய்-காமில் என்ற சர்ஜன் முள்ளெலும்பின் காம்பு (பெடிக்கிள்) வழியே திருகாணி செலுத்தத் தொடங்கினார். குரோம்பேட்டைக்காரனான நான் ஆபரேஷன் தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுத்தே ஓய்வு பெற்றவன். அடர்த்தியான எலும்பில் ஆணி இறங்கும்போது சர்ஜனின் மணிக்கட்டு இறுகும். எலும்பு மெலிந்த பாட்டிகளுக்கோ வெண்ணெயில் இறங்குவதுபோல வழுக்கும். பிடிப்பில் பாதிக் கதை எலும்பின் அடர்த்திதான் என்பேன். பருமனான ஆணி நன்றாகப் பிடிக்கும், ஆனால் காம்பு தாங்க வேண்டும். மீறினால் காம்பே வெடிக்கும். துளை ஆணியைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். கழற்றி மறுபடி போட்டால் பிடி தளரும். மெலிந்த எலும்பில் சிமென்ட் செலுத்துவதும் உண்டு.

காசம் அரித்த எலும்பை நம்பாமல், பெரும்பாலும் மேலும் கீழுமுள்ள நல்ல எலும்புகளில் ஆணி போடுவார்கள். அதுவும் எல்லோருக்கும் தேவையில்லை. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்விலேயே, நடமாடிக்கொண்டே மருந்து சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் கத்தி படாமல் தேறினார்கள்.