மலைத் தோட்டங்களில் அச்சமும் அடைக்கலமும்

கடவுளுக்கு அஞ்சுவதை இடைக்காலத் திருச்சபையின் இறையியலாளர்கள் இரண்டாகப் பகுத்தனர்: தண்டனையை எண்ணி நடுங்கும் அடிமையின் அச்சம் ஒன்று, தந்தையை விட்டுப் பிரிந்துவிடக் கூடாதே என்று பிள்ளை கொள்ளும் அச்சம் மற்றொன்று. இந்தப் பிள்ளையச்சமும் கடவுள்மீது வைக்கும் நம்பிக்கையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்றார் தோமா அக்குவினா. அடிமையச்சத்தையே அன்றாடம் சுமந்த இடுக்கி மலைகளின் தமிழ்த் தொழிலாளரிடையே இந்தப் பகுப்பு ஏட்டளவில் நின்றுவிடவில்லை.

அவர்களுள் பலரின் முன்னோர் திருநெல்வேலிச் சீமையினர். அங்கே அடைக்கலம் என்பது கண்ணால் காணத்தக்க நிலமாகவும் இருந்தது. சமயம் மாறியதற்காகத் துன்புறுத்தப்பட்ட கிறித்தவர்களுக்கென 1799-இல் நிலம் வாங்கி எழுப்பப்பட்ட முதலூர் அதற்குத் தலையாய சான்று. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற பிரிட்டிஷ் தோட்டக்காரர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றதையடுத்துக் காடு திருத்தப்பட்டுத் தேயிலை பரவியபோது, கங்காணிகள், அதாவது முன்பணம் கொடுத்து ஆள்சேர்த்து வேலையையும் மேற்பார்த்த இடைத்தரகர்கள், தென்மாவட்டக் குடும்பங்களை மலையேற்றினர். கடன், கங்காணியின் அதட்டல், துரையின் சினம், காலரா என அச்சத்துக்குக் காரணங்கள் பலவாயின. முதலூரைப் போல உரிமையோடு நிற்கத்தக்க ஒரு துண்டு மண்தான் அங்கே இல்லை.

கொள்ளைநோய் துரைமாரையும் விடவில்லை. தோட்ட மேலாளர் ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட்டின் இளம் மனைவி எலினர் இசபெல் மே என்பவர் 1894-இல் காலராவால் இறந்து, அம்மலைகளிலுள்ள பழைய மூணாற்றுக் குன்றில் புதைக்கப்பட்டார். அவ்விடம் கல்லறைத் தோட்டமாக வளர்ந்த பின்னரே, 1910-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, அதன் அடிவாரத்தில் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. ஆங்கிலேயத் தோட்டக்காரர்களுக்காகக் கட்டப்பட்ட அவ்வாலயத்தில் இன்று தமிழ் வழிபாடு நடைபெறுவது, அதைக் கட்டியவர்கள் எதிர்பார்த்திராத மாற்றமாகவே இருக்க வேண்டும். அதற்கு முன்பே, 1898-இல், எசுப்பானியக் கார்மேல் சபைத் துறவி அல்போன்ஸ் மூணாற்றில் கார்மேல் மாதா ஆலயத்தை நிறுவியிருந்தார். உயர்மலைப் பகுதியின் முதல் கத்தோலிக்க ஆலயம் அதுவே.

  ஆலயங்கள் எழுந்தபோதும், மலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பு லயம் எனப்படும் வரிசை வீடாகக் கும்பனிக்கே சொந்தமாயிருந்தது. வேலை முடிந்தால் அதையும் காலிசெய்ய வேண்டியிருந்தது. வீட்டையே தம்முடையதென்று சொல்ல இயலாதவர்கள் கடவுளைக் கோட்டையென்றும் கன்மலையென்றும் விளிக்கும் சங்கீதங்களை ஓதியதை, துன்பத்தை மறக்கும் வழியாக மட்டும் கொள்வது அவர்களைக் குறைத்து மதிப்பதாகும். துரைக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவர் முன் துரையும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற உறுதியும் அந்த நம்பிக்கைக்குள் அடங்கியிருந்தது.

ஆயினும் அந்த உறுதி மண்ணுரிமைக்கு ஈடாகிவிடவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாற்றுப் பகுதியிலுள்ள பெட்டிமுடியின் லயங்கள் மீது மலை சரிந்து எழுபது பேர் மாண்டபின், தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்ற பழைய கோரிக்கை மீண்டும் உரத்து எழுந்தது.