துப்பாக்கி உடைமையும் நிரபராதிகளின் உயிரும்

தனிநபர் துப்பாக்கி உடைமை என்பது, அரசின் படையிலோ காவல் துறையிலோ சேராத ஒரு பிரஜை தன் வீட்டிலோ தன் உடலோடோ துப்பாக்கி வைத்துக்கொள்ளும் நிலைமையையும், அதற்குச் சட்டம் அளிக்கும் உரிமையையும், அவ்வுரிமைக்கு விதிக்கும் வரம்பையும் ஒருங்கே குறிக்கும். வேட்டை, பயிர்க் காவல், குறிபார்த்துச் சுடும் விளையாட்டு, தற்காப்பு ஆகிய நான்கும் இவ்வுடைமைக்குக் கூறப்படும் பிரதான காரணங்கள். முதல் மூன்றையும் பெரும்பாலான நாடுகள் நிபந்தனைகளோடு ஒப்புக்கொள்கின்றன. தற்காப்பை முன்னிட்டு ஒவ்வொருவரும் ஆயுதம் தாங்கலாமா என்பதிலும், அங்ஙனம் தாங்குவதால் ஒரு குற்றமும் செய்யாத மனிதர்கள் மடியும்போது அந்த இழப்பை எந்தத் தராசில் நிறுப்பது என்பதிலுமே உலகம் பிளவுபட்டு நிற்கிறது.

ஜெனீவா நகரிலுள்ள சிற்றாயுத ஆய்வு நிறுவனம் 2017ஆம் ஆண்டு நிலையை வைத்துச் செய்த மதிப்பீட்டின்படி, உலகெங்கும் பொதுமக்கள் கையில் உள்ள துப்பாக்கிகள் ஏறக்குறைய 85.7 கோடி; அவற்றுள் 39.3 கோடி அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் இருந்தன. உலக ஜனத்தொகையில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த மக்கள், உலகத்துப் பொதுமக்களின் துப்பாக்கிகளில் பாதியை நெருங்கும் அளவு வைத்திருக்கும் அந்நாட்டிலேயே இவ்விவகாரம் முழு உருவில் காணக்கிடைப்பதால், இக்கட்டுரை பெரும்பாலும் அந்நாட்டைப் பற்றியதாகவே அமைகிறது.

உரிமையின் தோற்றம்

இங்கிலாந்தில் 1689ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம், புராட்டஸ்டண்டு மதத்தினர் தம் நிலைமைக்கேற்பவும் சட்டம் அனுமதிக்கும் அளவிலும் தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருக்கலாம் என்று கூறியது. நிரந்தர ராணுவம் வைத்திருக்கும் மன்னன் மக்களை எளிதில் அடிமைப்படுத்திவிடுவான் என்ற அச்சம் அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் குடியேறியவர்களோடும் சென்றது. பிரிட்டிஷ் மகுடத்தை எதிர்த்து விடுதலை பெற்ற பின்னும் அது அவர்களை விட்டு நீங்கவில்லை. 1791ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் உறுதிபெற்ற அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம், ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை சுதந்திர ராஜ்யத்தின் பாதுகாப்புக்கு அவசியம் என்பதைக் காரணமாகக் காட்டி, ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்கு உள்ள உரிமை மீறப்படலாகாது என்று விதித்தது. அந்நாளைய துப்பாக்கி, குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்து, ஒருமுறை சுட்டபின் மீண்டும் முதலிலிருந்து நிரப்ப வேண்டிய கருவி. தேர்ந்த வீரனும் ஒரு நிமிஷத்தில் மூன்று நான்கு முறைக்கு மேல் சுடுவது அரிது. சாசனத்தின் வாசகம் மாறாதிருக்க, அது காக்கும் கருவி அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டது.

அவ்வுரிமை குடிப்படைக்கு உரியதா, தனி மனிதனுக்கு உரியதா என்ற வழக்கு நீண்டகாலம் நடந்தது. 1939இல் மில்லர் வழக்கில் உச்சநீதிமன்றம், குடிப்படையின் பயனோடு தொடர்பில்லாத குறுங்குழல் துப்பாக்கிக்குச் சாசனப் பாதுகாப்பு இல்லை என்றது. 2008இல் ஹெல்லர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற நீதிபதிகளின் பெரும்பான்மை, வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமையே என்று தீர்த்தது. ஆயினும் அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி அன்டோனின் ஸ்கேலியா, இவ்வுரிமை எல்லையற்றதன்று என்பதையும், குற்றவாளிகளும் சித்தப் பிரமை கொண்டோரும் ஆயுதம் வைத்திருப்பதற்கு உள்ள தடைகளும், பள்ளிக்கூடம் முதலிய இடங்களுக்கு ஆயுதம் கொண்டுசெல்வதற்கு உள்ள தடைகளும் செல்லும் என்பதையும் அதிலேயே குறித்தார். 2022இல் புரூயன் வழக்கின் தீர்ப்பு இவ்வுரிமையை வீட்டுக்கு வெளியேயும் நீட்டியது. 2024இல் ரஹிமி வழக்கிலோ, குடும்ப வன்முறை காரணமாக நீதிமன்றத் தடைக்கு உட்பட்டவனிடமிருந்து ஆயுதத்தை விலக்கிவைக்கலாம் என்று ஒன்பது நீதிபதிகளில் எண்மர் ஒப்பினர்.

சட்டங்கள் வளர்ந்த முறை

அமெரிக்கச் சட்டங்களின் சரித்திரத்தை நோக்கினால், பெரும்பாலானவை மக்கள் இரத்தம் சிந்திய பிறகே பிறந்திருக்கின்றன. மதுவிலக்குக் காலத்துக் கொள்ளைக் கூட்டங்கள் இயந்திரத் துப்பாக்கியால் தெருக்களைக் கலக்கியதன் விளைவாக, அவ்வகை ஆயுதங்களுக்கு 200 டாலர் வரியும் பதிவும் விதித்த 1934ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற துப்பாக்கி தபால் மூலம் விலைக்கு வாங்கப்பட்டது. அவருக்குப் பின் 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டு இறந்த பிறகே, மாகாண எல்லை கடந்த தபால் விற்பனையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. 1981இல் ஜனாதிபதி ரீகனைக் குறிவைத்த குண்டு அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் பாய்ந்து அவரை வாழ்நாள் முழுதும் ஊனமாக்கியது. வாங்குவோரின் முன்வரலாற்றைச் சோதிக்கும் பிரேடி சட்டம் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1993இல்தான் வந்தது. அச்சோதனையும் உரிமம் பெற்ற கடைக்காரருக்கே விதிக்கப்பட்டது. தனி மனிதர் ஒருவருக்கொருவர் விற்பதை அது கட்டுப்படுத்தவில்லை. போர்முறை அரைத்தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்த 1994ஆம் ஆண்டின் சட்டம் பத்தாண்டுக் கெடுவோடு பிறந்து, 2004இல் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று.

1871இல் குறிபார்க்கும் பயிற்சியை வளர்ப்பதற்காக நிறுவப்பட்ட தேசியத் துப்பாக்கிச் சங்கம், 1977ஆம் ஆண்டுக்குப் பின் கட்டுப்பாடு எதையும் எதிர்க்கும் அரசியல் சக்தியாக மாறியதும் இத்தாமதங்களுக்கு ஒரு காரணமாகும். 1996இல் பிரதிநிதி ஜே டிக்கி கொண்டுவந்த விதியினால், நோய்த் தடுப்புக்கான மத்திய நிலையம் துப்பாக்கி மரணங்களை ஆராய்வதற்குப் பணம் கிடைப்பது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய நின்றே போயிற்று. டிக்கியே பிற்காலத்தில் மனம் மாறி, அத்தகைய ஆராய்ச்சி வேண்டும் என்று வாதாடினார்.

உயிரிழப்பின் கணக்கு

2021ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் மடிந்தவர்கள் 48,830 பேர்; அவர்களுள் 26,000க்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள், ஏறக்குறைய 21,000 பேர் கொல்லப்பட்டவர்கள். 2020ஆம் ஆண்டிலிருந்து அந்நாட்டுச் சிறுவர்க்கும் இளையோர்க்கும் மரணம் விளைக்கும் காரணங்களில், சாலை விபத்தையும் புற்றுநோயையும் தாண்டித் துப்பாக்கியே முதலிடத்தில் நிற்கிறது.

உலகம் அறிந்திருப்பதெல்லாம் பெருங்கொலைகளையே. 1999இல் கொலம்பைன் பள்ளி; 2007 ஏப்ரல் 16இல் 32 பேர் உயிரிழந்த வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம்; 2012 டிசம்பர் 14இல் ஆறு ஏழு வயதே நிரம்பிய 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் இறந்த சாண்டி ஹூக் ஆரம்பப் பள்ளி; 2022 மே 24இல் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்த யுவால்டே நகரத்துப் பள்ளி. வர்ஜீனியாவில் மாண்டவர்களுள், கோபிச்செட்டிபாளையம் வட்டாரத்தில் பிறந்து கோவையில் பொறியியல் பயின்று, அப்பல்கலைக்கழகத்தில் நீரியல் கற்பித்துவந்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவரும் இருந்தார். பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பறையிலேயே அவர் கொல்லப்பட்டார்.

ஆனால் இத்தகைய பெருங்கொலைகளில் இறப்போர் மொத்தத் தொகையில் ஒரு சிறு பகுதியே. குடிபோதையில் மூண்ட வாய்ச்சண்டை, கணவன் மனைவியைச் சுடுதல், மேசை இழுப்பறையில் கிடந்த கைத்துப்பாக்கியைக் குழந்தை எடுத்து விளையாடுதல், திருடன் என்று மயங்கி வாசலில் நின்ற அந்நியனைச் சுடுதல் ஆகிய பத்திரிகையின் ஓரத்தில் மறையும் மரணங்களே நாள்தோறும் பெருகுகின்றன. 1992இல் லூயிசியானா மாகாணத்துப் பேட்டன் ரூஜ் நகரில், விருந்து நடக்கும் வீட்டைத் தேடிச் சென்று தவறான வீட்டின் மணியை அடித்த 16 வயது ஜப்பானிய மாணவன் ஒருவன் வீட்டுக்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் குற்றவாளி அல்லர் என்று ஜூரிகள் தீர்த்தனர். வீடுகளில் துப்பாக்கி வைத்திருக்கும் வழக்கத்தை நீக்குமாறு கோரி அச்சிறுவனின் பெற்றோர் ஜப்பானில் திரட்டிய கையெழுத்துகள் 17 லட்சத்துக்கு மேற்பட்டன.

தற்கொலையைப் பற்றி ஒரு விசேஷமான உண்மை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பெரும்பாலும் சில நாழிகைக்குள் எழுந்து தணிவது. தப்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை. ஆனால் துப்பாக்கியால் முயல்பவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. இஸ்ரேல் ராணுவம் 2006இல் வார இறுதியில் வீடு செல்லும் இளம் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்லவேண்டும் என்று விதித்தபின், அவர்களிடையே தற்கொலை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. மனம் நொந்தவனுக்கும் மரணத்துக்கும் இடையே சிறிது தூரம் இருந்தாலே ஓர் உயிர் மிஞ்சும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரு தரப்பு வாதங்கள்

துப்பாக்கி வைத்திருப்போரின் வாதம் எளிதாகத் தள்ளத் தக்கதன்று. காவலர் வந்து சேர ஒரு மணி நேரம் பிடிக்கும் பண்ணை வீட்டில் தனியே வசிப்பவளுக்குத் தற்காப்பு என்பது வெறும் தத்துவமாகாது. அரசே பக்ஷபாதமாக நடந்த இடங்களும் உண்டு: அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் தென்மாகாணங்கள் சட்டம் இயற்றிக் கறுப்பு மக்களின் ஆயுதங்களைப் பறித்தன, 1964இல் லூயிசியானாவில் தோன்றிய ஒரு கறுப்பினத்தார் சங்கம், கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறிக் கூட்டத்தாரிடமிருந்து உரிமைப் போராட்டத் தொண்டர்களைக் காக்க ஆயுதம் ஏந்திக் காவல் நின்றது.

எனினும், துப்பாக்கி உண்மையில் எத்தனை பேரைக் காக்கிறது என்ற கேள்விக்கு விடைகள் வெகுவாக மாறுபடுகின்றன. கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1995இல் தொலைபேசி விசாரணையைக் கொண்டு ஆண்டுக்கு 25 லட்சம் தற்காப்பு நிகழ்ச்சிகள் என்று கணித்தனர். அரசாங்கம் குற்றத்துக்கு இலக்கானோரிடம் நடத்தும் விசாரணை ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு மேல் காட்டவில்லை. மறுபக்கம், ஆர்தர் கெல்லர்மனும் பிறரும் 1993இல் வெளியிட்ட ஆராய்ச்சி, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நேரும் அபாயம் இரண்டரை மடங்குக்கும் மேல் இருப்பதைக் காட்டியது. கலிபோர்னியாவில் செய்யப்பட்டு 2022இல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சியும், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்வோர் கொலையுண்ணும் அபாயம் மற்றோரினும் இருமடங்குக்கு மேல் என்று கண்டது. காவலுக்கென்று வாங்கிய ஆயுதம், அதை வாங்காத மனைவியையும் மக்களையுமே அதிக அபாயத்தில் நிறுத்துகிறது என்பதே இவ்வாராய்ச்சிகளின் சாரம்.

பிற நாடுகளின் அனுபவம்

ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரல் 28ஆம் நாள் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பழமைக் கொள்கையினரான பிரதமர் ஜான் ஹோவர்டு, தம்மை ஆதரித்த கிராமப்புற மக்களின் கோபத்தைப் பொருட்படுத்தாமல், பன்னிரண்டே நாட்களில் மாகாண அரசுகளை ஓர் உடன்படிக்கைக்குக் கொண்டுவந்தார். அரைத்தானியங்கி நீள்துப்பாக்கிகள் பெரும்பாலும் தடுக்கப்பட்டன, ஏறக்குறைய 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசு தனி வரி விதித்து விலை கொடுத்து வாங்கி அழித்தது. உரிமம் கேட்போன் தக்க காரணம் காட்டவேண்டும் என்றும், தற்காப்பு அத்தகைய காரணமாகாது என்றும் விதிக்கப்பட்டது. பிரிட்டன், அதே ஆண்டு மார்ச்சில் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் கொல்லப்பட்ட பின், 1997இல் தனியார் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முற்றும் விலக்கியது. நியூசிலாந்தில் 2019 மார்ச் 15இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் இறந்த ஒரு மாதத்துக்குள், போர்முறை அரைத்தானியங்கித் துப்பாக்கிகளுக்குத் தடைவிதிக்கும் மசோதா 119 வாக்குக்கு ஒன்று என்ற கணக்கில் நிறைவேறியது.

இந்தியா

இந்தியர் இவ்விஷயத்தில் இரு பக்கத்து நியாயத்தையும் அனுபவித்து அறிந்தவர்கள். வைசிராய் லிட்டன் காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று தடுத்து, ஐரோப்பியருக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்த அவமானத்தை மறவாத காங்கிரஸ், 1931ஆம் ஆண்டின் கராச்சித் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்குவதைப் பிரஜைகளின் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும் விடுதலைக்குப் பின், அதை அடிப்படை உரிமையாக்கவேண்டும் என்று எச். வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் வாதாடியபோது, அம்பேத்கர் அதை எதிர்த்தார், சபையும் ஏற்கவில்லை. ஆயுதம் பறிக்கப்பட்ட வேதனையை நேரில் அனுபவித்த தலைமுறையே, பிரிவினைக் கலவரங்களில் இலட்சக்கணக்கானோர் மாண்டதையும் கண்டபின், அவ்வுரிமையை உரிமத்தின் கீழ் வைப்பதே தகும் என்று முடிவுசெய்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அந்த முடிவின் வழிவந்தது; உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கக் குடகு மக்களுக்குள்ள பழைய விலக்கு இன்றும் தொடர்கிறது. தேர்தல் காலங்களில் உரிமம் பெற்றோர் தம் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் நடைமுறை, இவ்வுடைமை பொது அமைதிக்கு அடங்கியதே என்பதைக் காட்டுகிறது.

முடிபு

உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் பிறப்பால் உள்ளது. துப்பாக்கி அவ்வுரிமைக்கான கருவிகளுள் ஒன்றே அன்றி, அவ்வுரிமையே ஆகாது. துப்பாக்கியால் வரும் நன்மையை அதை விரும்பி வாங்கியவன் பெறுகிறான். அதனால் வரும் தீங்கையோ, அதற்கு ஒருநாளும் சம்மதம் தராத குழந்தையும் மனைவியும் மாணவனும் வழிப்போக்கனும் அடைகிறார்கள். ஆகையால் தேவையும் தகுதியும் தனக்கு உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆயுதம் கேட்பவனைச் சார்ந்ததாகவும், அதை ஆராய்ந்து அனுமதிப்பதும் மறுப்பதும் மீட்பதும் சமூகத்தைச் சார்ந்தனவாகவும் இருத்தலே நீதி. முன்வரலாற்றுச் சோதனை, பூட்டிவைக்கும் கடமை, காத்திருக்கும் காலம், போர்முறை ஆயுதங்களுக்குத் தடை ஆகியவற்றால் ஒழுக்கமுள்ள உடைமையாளன் இழப்பது சிறிது வசதி மட்டுமே. அவை இல்லாமையால் நிரபராதி இழப்பது மீட்க முடியாத உயிர். இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்து நிறுக்கும் எந்த நாடும் உயிரின் பக்கமே தீர்ப்பளிக்கக் கடமைப்பட்டது.