பஞ்சுமிட்டாய்க்கு அல்ல, நிறத்துக்கே தடை: கர்நாடக உத்தரவு சொல்வது என்ன?

கோலார் தங்கவயல்: செயற்கை நிறமூட்டி கலந்த பஞ்சுமிட்டாய், கோபி மஞ்சூரியன் ஆகியவற்றின் விற்பனைக்குக் கர்நாடக அரசு 2024 மார்ச் 11 அன்று தடை விதித்தது. புதுச்சேரியும் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய் மீது அதற்கு முந்தைய மாதமே நடவடிக்கை எடுத்திருந்தன. தமிழர் மிகுதியாக வாழும் தங்கவயலின் பெற்றோருக்கு எழும் கேள்வி: தடை எதற்கு, எதற்கு இல்லை?

மாநிலம் முழுவதும் சேகரிக்கப்பட்ட 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளில் 107, 25 பஞ்சுமிட்டாய் மாதிரிகளில் 15 பாதுகாப்பற்றவை எனச் சுகாதாரத் துறை அமைச்சர் தினேஷ் குண்டுராவ் தெரிவித்தார். பஞ்சுமிட்டாயில் கண்டறியப்பட்ட ரோடமைன்-பி, துணிக்குச் சாயமேற்றப் பயன்படும் வேதிப்பொருள்; எந்த உணவிலும் எந்த அளவிலும் அதற்கு அனுமதியில்லை. டார்ட்ரசைன், சன்செட் எல்லோ ஆகியவற்றின் நிலை வேறு. சில உணவுகளில் மட்டும், வரம்புக்கு உட்பட்டு அவற்றைச் சேர்க்கலாம். கோபி மஞ்சூரியன் அந்த வகையில் வராது. எனவே, 'கடையில் விற்கும் ஃபுட் கலர்தானே' என்ற விளக்கம் செல்லாது. மீறுவோருக்குச் சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம்.

நிறம் சேர்க்காத வெள்ளைப் பஞ்சுமிட்டாய்க்குத் தடையில்லை. ஆயினும் பள்ளி வாயிலில் அதற்கும் இடமில்லை என்பது பலரும் கவனிக்கத் தவறும் செய்தி. சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுகளைப் பள்ளி உணவகத்திலோ, வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்கின்றன இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள். பஞ்சுமிட்டாயோ ஏறத்தாழ முழுவதும் சர்க்கரை.