இணைய மன்ற மென்பொருள்: விலைமுறை

பலர் கூடி உரையாடும் இணையதளங்களை இயக்கும் மென்பொருளுக்கு உரிமக் கட்டணமும் பராமரிப்புச் செலவும் வகுக்கப்படும் முறை. இலவசத் திறமூலம், விலைக்கு வாங்கும் உரிமம், மாதச் சந்தா என மூன்று வகைகள் வழக்கில் உள்ளன.

2000இல் வெளியான பிஎச்பிபிபி என்ற மன்ற மென்பொருள், ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் இலவசமாகக் கிடைத்ததால் சிறு குழுக்களிடம் வேகமாகப் பரவியது. பெரிய தளங்கள் பலவும் காசு கொடுத்து விபுல்லட்டின் என்ற மென்பொருளை வாங்கின. 2007இல் அதைக் கையகப்படுத்திய இன்டர்நெட் பிராண்ட்ஸ் நிறுவனம், 2009இல் உரிம முறையை மாற்றியது. ஆண்டுக் கட்டணம் செலுத்தி மேம்படுத்தி வந்தவர்கள் நான்காம் பதிப்புக்குத் தனியே பணம் கட்ட வேண்டியதாயிற்று. எதிர்ப்பு வலுத்தது. 2010இல் விபுல்லட்டினின் முன்னாள் நிரலாளர்கள் உருவாக்கிய ஸென்ஃபோரோ என்ற மென்பொருளுக்குப் பலர் மாறினர்.

2013இல் அறிமுகமான டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளின் நிரல் இலவசம். அதை உருவாக்கிய நிறுவனமே இயக்கித் தர மாதக் கட்டணம் உண்டு. வழங்கிப் பராமரிப்பும் பாதுகாப்புத் திருத்தங்களும் அதில் அடங்குவதால், தொழில்நுட்ப ஆள் இல்லாத குழுக்கள் சந்தாவைத் தேர்ந்தெடுக்கின்றன.