ஆராய்ச்சிக்குப் படியளந்த கம்பெனிகள்

கம்ப்யூட்டர் துறையில் பி.எச்.டி. செய்யும் மாணவனுக்கு ஒரு கம்பெனி எதற்காகப் பணம் தரணும்? நம் கல்லூரி ஜூனியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதிலைத் தேடினால் 1944 வரை போக வேண்டியிருக்கிறது.

அந்த ஆகஸ்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 1' என்ற ராட்சதக் கணிப்பொறிக்குத் தொடக்க விழா. யோசனை ஹோவர்டு அய்க்கனுடையது. பெரும்பணமும், கட்டிமுடித்த என்ஜினியர்களும் ஐ.பி.எம். உடையது. செய்திக்குறிப்பிலோ பெருமையெல்லாம் அய்க்கனுக்கே! ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சனுக்கு வந்ததே கோபம். மறு வருஷமே, 1945இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தம் செலவிலேயே ஓர் ஆய்வுக்கூடம் திறந்துவிட்டார். கோபம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கொலம்பியாவுக்கு 1930களிலிருந்தே மெஷின்கள் கொடுத்து வந்த மனிதர் அவர். வானியலாளர் வாலஸ் எக்கர்ட் அதன் தலைவரானார்.

1951இல் ஐ.பி.எம். முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை தரத் தொடங்கியது. அப்போது அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் டிபார்ட்மெண்ட் என்று ஒன்றே கிடையாது! பர்டியூவில் அது வந்தது 1962இல்; அந்நாட்டின் முதல் கம்ப்யூட்டர் சயன்ஸ் டாக்டர் பட்டங்கள் 1965இல். பாடம் வருவதற்கு முன்பே படியளந்த கதை இது. ஆள் வேண்டும் என்பதுதான் கணக்கு, வேறென்ன?

பெல் லேப்ஸ் கதைதான் எனக்கு இன்னும் பிடித்தது. டெலிபோன் மைக்கை மாற்றியமைத்த இருவரில் ஒருவரான ஜேம்ஸ் வெஸ்ட், 1970இல் சக கறுப்பின ஊழியர்களோடு சேர்ந்து அங்கே ஒரு சங்கம் அமைத்தார். எங்கள் மக்களில் ஆராய்ச்சியாளர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று நிர்வாகத்தை நெருக்கினார்கள். விளைவாக 1972இல் சிறுபான்மை மாணவர்களுக்கு முனைவர் பட்ட உதவித்தொகை வந்தது. கல்விக் கட்டணம், மாதச் செலவு, கூடவே வழிகாட்ட ஒரு பெல் லேப்ஸ் விஞ்ஞானி, கோடையில் அங்கேயே வேலை. பணத்தைவிட அந்த விஞ்ஞானிதான் பெரிசு என்பது என் அபிப்பிராயம். இதை நிர்வாகம் தானாகத் தரவில்லை; கேட்டு வாங்கினார்கள்.

நம் நாட்டில் டி.சி.எஸ். தன் ஆராய்ச்சி மாணவர் திட்டத்தை 2010இல்தான் ஆரம்பித்தது. அதற்கு முந்தின வருஷம் கூகுளும் தன் பி.எச்.டி. உதவித்தொகையைத் தொடங்கியிருந்தது. விண்ணப்பிக்கப் போகும் தம்பி, தங்கைகளே, தொகையைப் பார்க்கும் முன் காப்புரிமை யாருக்கு, எத்தனை வருஷத்துக்குப் பணம், கம்பெனி கைமாறினால் என்னாகும் என்ற பாராக்களைப் படித்துவிடுங்கள். பெல் லேப்ஸே 1996இல் லூசென்ட் என்ற புதுக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததல்லவா?