பள்ளி பொதுவான வரலாறு: செட்டிநாட்டில் கொடையும் நிபந்தனையும்

முன்னுரை

செட்டிநாட்டின் கல்வி வரலாறு பெரும்பாலும் கொடையின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. கோட்டையூரில் 1909இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், 1947இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். வானம் பார்த்த செம்மண் பூமி கல்வி நகரம் என்று பெயர் பெற்றது அந்தக் கொடையால்தான்.

அதே நிலப்பரப்புக்கு இன்னொரு வரலாறும் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை ஆகியவை 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அந்த மாவட்டத்தில் 1931 ஜூனில் ஆதிக்கச் சாதியினர் கூட்டம் கூடி, ஆதிதிராவிடர், தேவேந்திரகுல வேளாளர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்று விதி வகுத்தார்கள். அழகப்பா கல்லூரி தோன்றுவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது.

இவ்விரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கொடை பள்ளிகளைக் கட்டியது. பொதுப் பணம் வாங்கும் இடத்தில் பிறப்பால் வேற்றுமை கூடாது என்ற நிபந்தனைதான் அவற்றைப் பொதுவாக்கியது. அந்த நிபந்தனை எந்தக் காலத்திலும் தானாக வந்து சேரவில்லை; ஒதுக்கப்பட்டவர்களும் அவர்கள் பக்கம் நின்றவர்களும் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. இன்றைய அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் சமத்துவத்துக்காகக் குரல் கொடுப்போருக்கு இந்த வரலாறு பயன்படும் என்பது இக்கட்டுரையின் நம்பிக்கை.

1. மகமையும் பாடசாலையும்

நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுப் பையனின் படிப்பு தொழிலை ஒட்டி அமைந்தது. திண்ணைப் பள்ளியில் எழுத்தும் எண்சுவடியும் வட்டிக் கணக்கும் கற்றவன் பர்மாவுக்கோ இலங்கைக்கோ மலேயாவுக்கோ கொண்டுவிக்கப் (வட்டித் தொழில் செய்யப்) போனான். பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அடுத்தாளாகி, பிறகு கடையை நடத்தும் முதலாளாக உயர்ந்தான். கடல் கடந்த வட்டிக்கடையே அவனுக்கு உயர்நிலைப் பள்ளி. பெண் பிள்ளைகளுக்கு இந்த ஏணியில் படியே இல்லை. வயல்வேலை செய்த குடும்பங்களின் பிள்ளைகளோ திண்ணையை நெருங்கவே முடியவில்லை.

தொழிலில் கிடைத்த வருவாயில் ஒரு பங்கு மகமையாக ஒதுக்கப்பட்டு அறத்துக்குச் சென்றது. அதில் கோயில் திருப்பணிகள் நடந்தன, சத்திரங்கள் எழுந்தன, ஊர்தோறும் வேத பாடசாலைகள் தோன்றின. வேத பாடசாலையில் படித்தவர்கள் பிராமணச் சிறுவர்கள் மட்டுமே. பணம் கொடுத்த செட்டியாரின் சொந்தப் பிள்ளைக்கே அங்கு இடமில்லை. யார் படிக்கலாம் என்பதைக் கொடையாளர் தீர்மானிக்கவில்லை, மரபு தீர்மானித்தது. கொடையாளரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. கொடைக்கும் சமத்துவத்துக்கும் இடையில் இருந்த தூரத்தை இந்தப் பாடசாலைகளில் தெளிவாகக் காணலாம்.

2. தனிப் பள்ளி என்ற முதற்படி

சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோர் கல்வியில் அக்கறை காட்டத் தொடங்கியது 1890களில். செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கை 1892இல் விவாதத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே, பஞ்சமர் என்று அன்று அழைக்கப்பட்ட ஒடுக்கப்பட்டோரின் கல்விக்கான அரசாணை பிறந்தது. சேரிகளில் தனிப் பள்ளிகள், ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை, கூடுதல் மானியம் ஆகியவற்றுக்கு அது வழிவகுத்தது. இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா போன்ற தலைவர்கள் பள்ளிக் கல்வியை அரசியல் கோரிக்கையாக்கினார்கள். 1920ஐ ஒட்டி உருவான தொழிலாளர் துறை தனியே பள்ளிகளை நடத்தியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பொதுப் பள்ளியின் கதவு மூடியிருந்த காலத்தில் தனிப் பள்ளிதான் ஒரு தலைமுறைக்கு எழுத்தைக் கொடுத்தது. அதை இன்று குறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் அந்த ஏற்பாடு பொதுப் பள்ளியின் கதவைத் திறக்கவில்லை. சேரிக்கு ஒரு பள்ளி வந்துவிட்டது என்பதையே காரணமாக்கி, ஊருக்குள் இருந்த பள்ளி தன் பழக்கத்தை மாற்றாமல் இருந்துகொண்டது.

3. சேரன்மாதேவியிலிருந்து சிராவயலுக்கு

பணத்தோடு நிபந்தனையும் சேர வேண்டும் என்ற வாதம் தமிழ்நாட்டில் வலுவாக எழுந்தது சேரன்மாதேவியில். வ. வே. சு. ஐயர் 1922இல் அங்கே தொடங்கிய குருகுலத்துக்குக் காங்கிரஸ் நிதியும் செட்டிநாட்டுச் செல்வர்கள் உள்ளிட்ட பலரின் நன்கொடையும் சென்றன. அங்கே பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்ட செய்தி வெளிவந்தபோது பி. வரதராஜுலு நாயுடு, பெரியார் ஈ. வெ. ரா., எஸ். இராமநாதன் ஆகியோர் எதிர்த்தார்கள். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் பந்தி வேறுபாடு எப்படி நியாயமாகும் என்பது அவர்கள் கேள்வி. தேசிய நிறுவனங்களில் பிறப்பால் ஏற்றத்தாழ்வு பாராட்டக் கூடாது என்று தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 1925இல் தீர்மானித்தது.

பள்ளியில் சேர்த்துக்கொள்வது மட்டும் சமத்துவம் ஆகாது, சேர்ந்த பிறகு பிள்ளை எங்கே உட்காருகிறான், யாரோடு சாப்பிடுகிறான் என்பதும் கேட்கப்பட வேண்டும் என்பதை அந்தப் போராட்டம் நிறுவியது. குருகுலத்தின் கசப்பை நேரில் கண்ட இளைஞர் ப. ஜீவானந்தம் பிறகு காரைக்குடிக்கு அருகே சிராவயலுக்கு வந்தார். காசி விசுவநாதன் செட்டியார் உதவியில் நடந்த காந்தி ஆசிரமத்தின் பொறுப்பை ஏற்றார். 1927இல் செட்டிநாட்டுப் பயணத்தின்போது காந்தி அவரை அங்கே சந்தித்தார். செட்டிநாட்டுப் பணமும் சமத்துவக் கொள்கையும் ஒரே கூரையின்கீழ் இருக்க முடியும் என்பதற்குச் சிராவயல் ஓர் எடுத்துக்காட்டு.

4. படிக்கக் கூடாது என்ற விதி

சிராவயல் சந்திப்புக்குப் பின் நான்கு ஆண்டுகள்கூட முழுதாகக் கழியவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. நகை அணியக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, பெண்கள் மேலாடை அணியவோ பூ வைக்கவோ கூடாது என்று அவை நீண்டன. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளைபோயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. 1931ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இரு பட்டியல்களையும் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டாம் பட்டியலில் கல்விக்கான தடை எந்த விதிகளுக்கு நடுவே வருகிறது என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது. அவர்கள் மிராசுதாரின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் பண்ணையில் அடிமைகளாக உழைக்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் அதை மலிவு விலைக்கு மிராசுதாருக்கே விற்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. காலை ஏழு முதல் மாலை ஆறு வரை உழைப்புக்கு ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா.

இப்படி அடுக்கிப் படிக்கும்போது கல்வித் தடையின் பொருள் விளங்குகிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவனால் குத்தகைச் சீட்டைப் படிக்க முடியும், பட்டாவைக் கேட்க முடியும், கைநாட்டு வைக்குமுன் கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியும். ஏட்டுக் கணக்கால் கடல் கடந்த வாணிகத்தையே நடத்திய வட்டாரம் இது. எழுத்தின் வலிமையை இங்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூலி ஆளைக் கூலி ஆளாகவே வைத்திருக்கப் பள்ளியை மூட வேண்டும் என்று விதி எழுதியவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

இப்பட்டியல் இன்னொன்றையும் சொல்கிறது. பள்ளிக்குப் போக யாரும் முயலாத இடத்தில் தடை தேவைப்படாது. முதல் பட்டியலில் இல்லாத கல்வித் தடை ஆறு மாதத்தில் சேர்க்கப்பட்டது என்றால், அந்தப் பிள்ளைகள் படிக்கத் தொடங்கிவிட்டார்கள், அவர்களை அனுப்பிய பெற்றோர் அச்சத்தை மீறிவிட்டார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். செட்டிநாட்டின் கல்வி வரலாற்றில் கொடையாளர்களுக்குத் தரப்படும் மரியாதை, பெயர் தெரியாத அந்தப் பெற்றோருக்கும் உரியது.

5. அரசமைப்பு தந்த நிபந்தனை

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது நகரத்தாரின் பெருஞ்சொத்து அங்கேயே நின்றுபோனது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் செட்டிநாட்டுக் கொடை கோயிலையும் பாடசாலையையும் தாண்டி, நவீனக் கல்வியை நோக்கி முழுமையாகத் திரும்பியது. அழகப்பரின் நிறுவனங்கள் அதன் உச்சம். மழலைப் பள்ளி முதல் பொறியியல் கல்லூரி வரை அவர் அமைத்த வரிசை இன்று பெரும்பகுதி பொதுச் சொத்தாகிவிட்டது. கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் அரசுக் கல்லூரிகளாயின. அழகப்பா பல்கலைக்கழகம் 1985இல் மாநிலப் பல்கலைக்கழகமாக எழுந்தது. பெண்கள் கல்வியும் பின்தொடர்ந்தது. பள்ளத்தூரில் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி 1963இல் தோன்றியது.

இதே காலத்தில் நிபந்தனை சட்டமானது. அரசு நடத்தும் அல்லது அரசுப் பணத்தில் உதவிபெறும் எந்தக் கல்வி நிறுவனமும் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி ஒருவருக்கு இடம் மறுக்கக் கூடாது என்று அரசமைப்பின் 29(2) பிரிவு விதித்தது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் இப்பிரிவைக் கொண்டே, கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாண வகுப்புவாரி ஆணை செல்லாது என்று தீர்ப்பானபோது, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு முதல் அரசமைப்புத் திருத்தத்துக்கு வழிவகுத்தது. எல்லாருக்கும் ஒரே கதவு, பின்தங்க வைக்கப்பட்டவர்களுக்குக் கூடுதல் கை என்ற இரண்டும் அப்போது ஒன்றாக நிலைபெற்றன.

செட்டிநாட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும். குடும்ப அறக்கட்டளைகள் தொடங்கிய பள்ளிகளில் பல அரசு உதவிபெறும் பள்ளிகள். கட்டடம் அறக்கட்டளையுடையது, ஆசிரியர் சம்பளம் மக்கள் வரிப்பணம். எனவே அவை பொதுப் பள்ளிகளே.

6. ஒரே பந்தி

கதவு திறந்தாலும் பசித்த பிள்ளை உள்ளே வரவில்லை. விருதுநகரில் பிறந்த காமராசர் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். படிக்கக் கூடாது என்ற விதி பிறந்த அதே மாவட்டத்திலிருந்து வந்த முதலமைச்சர்தான், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைக்கச் சோறு போட வேண்டும் என்றார். 1954 மே மாதம் அவரது அரசு, முந்தைய ஆட்சி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டது. 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிந்தது. அரசின் பங்கோடு ஊராரின் பங்கும் அதில் சேர்ந்தது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வழியே கட்டடமும் பெஞ்சும் சீருடையும் ஊர்களிலிருந்தே திரண்டன. மகமை பழகிய செட்டிநாட்டுக்கு இது புதிய மொழியாக இருக்கவில்லை. யார் பிள்ளைக்காகக் கொடுக்கிறோம் என்பதே புதிது.

எம். ஜி. ஆரின் சத்துணவு 1982 ஜூலை 1இல் தொடங்கியது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024இல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. சேரன்மாதேவியில் மறுக்கப்பட்ட ஒரே பந்தி இன்று அரசின் அன்றாடக் கடமை. ஆயினும் சமைப்பவர் யார் என்ற கேள்வி ஓயவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். அவருக்குத் தரப்பட்ட இடமாற்றம், போராட்டத்துக்குப் பிறகே ரத்தானது.

7. எஞ்சிய பணி

அண்மைக் காலச் சட்டங்கள் சமத்துவத்தை மேலும் நகர்த்தின. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று பிரிந்திருந்த பாடத்திட்டங்களைச் சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் இணைத்தது. 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. முதலாண்டிலேயே ஏறத்தாழ 400 பேர் அதன்வழி மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போனார்கள். அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வேற்றுமையின்றிச் சேர்க்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது.

ஆனால் 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்டார். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கவும், தனித் துறைகளின்கீழ் உள்ள பள்ளிகளைக் கல்வித் துறையோடு இணைக்கவும், சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கவும் அது பரிந்துரைத்தது. 1893இல் ஏணியாக இருந்த தனிப் பெயர் 2024இல் முத்திரையாகி நிற்கிறது என்பதை அந்தப் பரிந்துரை ஒப்புக்கொள்கிறது. பெயரை மாற்றும்போது அப்பள்ளிகளுக்கென்றுள்ள விடுதியும் உதவித்தொகையும் குறைந்துவிடாமல் காப்பது அதே அளவு முக்கியம்.

முடிவுரை

கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் அளவுக்கேற்ற இடம் வேண்டும் என்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் மட்டும் இக்குழு 2012 திருத்தத்துக்குப் பிறகு ஆலோசனை கூறும் அமைப்பாகச் சுருங்கியது. உதவிபெறும் பள்ளிகளையே பெரிதும் நம்பியிருக்கும் செட்டிநாட்டுக்கு இது சிறிய குறை அல்ல. கொடையாளர் குடும்பங்கள் நினைத்தால் சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்காமல், தங்கள் பள்ளி நிர்வாகத்தில் இப்பெற்றோருக்கு வாக்குரிமை தரலாம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளையின் தாய் அந்த மேசையில் உட்கார்ந்தால், பந்தியிலும் பெஞ்சிலும் நடப்பது வெளியே வரும்.

பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடமை உண்டு. 1931 தடையை மீறிப் படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் இந்த வட்டாரத்தில் வாழ்கிறார்கள். அவர்களின் நினைவுகளை வாய்மொழி வரலாறாகத் திரட்ட அழகப்பா பல்கலைக்கழகத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. கொடையாளர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. உரிமையைக் கேட்டு வாங்கியவர்களின் பெயர்களும் எழுதப்பட்டால்தான் செட்டிநாட்டுக் கல்வி வரலாறு நிறைவுபெறும். இனி கேட்கப்போகிறவர்களுக்கும் அதுவே துணை நிற்கும்.