கோஷ்டியும் பெயரும்: வன்னியில் சுயாதீன இசைக்குழு ஏன் மேலெழவில்லை?

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், தருமபுரத்துக்கும் உடையார்கட்டுக்கும் இடையிலுள்ள விசுவமடுவில் ஓர் இசைக்குழு தோன்றினால் அதன் முதல் மேடை பெரும்பாலும் கோயில் வீதிதான். மேலைநாட்டு ராக் குழுக்களுக்குச் சிறு மன்றங்கள் எப்படியோ, வன்னியின் மெல்லிசைக் கோஷ்டிகளுக்கு இரவுத் திருவிழா அப்படி. ஆனால் அங்கே குழுக்கள் பெயரெடுத்தன. இங்கே பாடகர் மட்டுமே பெயரெடுத்தார். போரே காரணம் என்பது வழக்கமான விடை. போரின் பங்கு மிகப் பெரிது. எனினும் அதற்கு முந்திய காரணம் ஒன்று மேடையின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்த மேடையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். உழவு இயந்திரப் பெட்டிகள் இரண்டை ஒட்டி நிறுத்திப் பலகை போட்டால் மேடை தயார். முன்னால் ஓர்கன், பின்னால் ட்றம்ஸ், ஓரத்தில் பேஸ் கிற்றார்; மதிலுக்கு அப்பால் ஜெனரேற்றர் இரையும். சனம் மணலில் பாயும் சாக்கும் விரித்துக் குந்தியிருக்கும். முதற்பாட்டு பிள்ளையாருக்கு, பிறகு விடியும்வரை சினிமாப் பாட்டு. விருப்பப் பாடல்கள் துண்டில் எழுதப்பட்டு மேடைக்கு வரும். அறிவிப்பாளர் உபயகாரரின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வார், பாடகரின் பெயரைப் பாட்டுக்குப் பாட்டுச் சொல்வார். பேஸ் கிற்றார்காரரின் பெயர் நன்றியுரையில், சனம் பாயைச் சுருட்டும் நேரத்தில், ஒருமுறை வரும். காசு உபயகாரருடையது, அவர் கேட்பது எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அடுத்த வருடம் வேறு உபயகாரர், வேறு கோஷ்டி.

பிறர் பாட்டைப் பாடுவதில் குறையில்லை. லிவர்பூலின் கவர்ன் நிலவறையில் 1961 முதல் 1963 வரை வாசித்த பீட்டில்ஸ் குழுவும் தொடக்கத்தில் அமெரிக்கப் பாடல்களையே அதிகம் பாடியது. ஆனால் அதே மேடை, அதே முகங்கள், மறுபடி மறுபடி. தெரிந்த பாட்டுகளுக்கு நடுவே சொந்தப் பாட்டு ஒன்றைச் செருகி, அது எடுபடாவிட்டால் திருத்தி, அடுத்த முறை மீண்டும் பாட அவர்களுக்கு இடமிருந்தது. வன்னியின் திருவிழா மேடையில் ஆயிரக்கணக்கில் சனம் கூடும். அந்த மறுமுறைதான் இல்லை. மாறாக, 1970இல் உருவான மொறட்டுவை ஜிப்சீஸ் குழு கலியாண வீடுகளிலும் நடன விருந்துகளிலும் இடைவிடாது வாசித்தே சொந்தப் பாட்டுடன் குழுப் பெயரையும் நிலைநாட்டியது.

தமிழ்ப் பொப்பிசை வேறு வழியால் வந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகியவற்றை இலங்கை வானொலி வீடுவீடாகக் கொண்டுபோனது. ‘சுராங்கனி’ கடல் கடந்து 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்திலும் ஒலித்தது. நிலைத்தது பாடகரின் பெயர். உடன் வாசித்தவர்களைக் கேட்டவர்கள் அறியவில்லை.

போர்க்காலத்தில் வன்னியில் சொந்தப் பாட்டுக்குத் தொடர்ந்து செலவிட்டது விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகம். கோயில் மேடைகளிலும் இசை நாடகங்களிலும் வளர்ந்த கிளிநொச்சி எஸ். ஜி. சாந்தனின் குரல் அக்கழகத்தின் ஒலிப்பேழைகளால்தான் உலகத் தமிழரிடம் போனது. மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் பாட்டுக் கேட்ட காலம் அது. சொந்தப் பாட்டு கிடைத்தது. எதைப் பாடுவது என்ற தெரிவு கலைஞரிடம் இருக்கவில்லை. சுயாதீனம் என்ற சொல்லை அந்தப் பேழைகளுக்குப் பொருத்த முடியாது. 2009 ஜனவரி இறுதியில் விசுவமடு இராணுவத்தின் வசமானது. கையில் அகப்பட்டதோடு ஓடியவர்கள் ட்றம்ஸைத் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியாது.

சென்னையின் ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு இங்கே ஒப்பிடத்தக்கது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்று கானா, ராப், ராக் கலைஞர்களை ஒன்றுசேர்த்தனர். முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரியில் நடந்தது. முதல்நாளிலிருந்தே சொந்தப் பாட்டு, குழுவின் பெயர். அங்கிருந்து எழுந்த ராப் பாடகர் அறிவு 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’யால் உலகறிந்தவரானார். அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் இடம்பெறாதது பெரும் சர்ச்சையானது. பெயரைக் காப்பது வெற்றிக்குப் பிறகும் ஓயாத வேலை.

இன்று கைபேசியில் பாட்டைப் பதிந்து உலகுக்கு அனுப்பலாம். ஆனால் குழுவாக ஒட்டி வாசிக்கும் பழக்கத்தைக் கைபேசி தராது. அதற்கு ஒரே ஊரின் காதுகள் திரும்பத் திரும்ப வேண்டும். ஆகவே வன்னியின் கோயில் நிருவாகத்தினரிடமும் உபயகாரர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: ஒரே கோஷ்டியை மூன்று வருடம் தொடர்ந்து கூப்பிடுங்கள். ஓர் இரவுக்கு இரண்டு சொந்தப் பாட்டாவது பாடச் சொல்லுங்கள். நோட்டீசில் பாடகரின் பெயருக்குக் கீழே ட்றம்ஸ்காரரின் பெயரையும் அடியுங்கள்.